திரிந்த பால்

எனக்கு இரண்டு வலிகள். ஒன்றுக்குப் பெயர் இருந்தது, மற்றதற்கு இல்லை.

விரல்களும் முட்டிகளும் காலையில் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக் கிடக்கும். "முடக்குவாதம். உன் உடம்பே உன்னோடு சண்டை போடுகிறது" என்றார் தலைநகர் போர்ட் லூயிஸில் பார்த்த டாக்டர். வீட்டில் மாமியாரோடு போடுகிற சண்டை போதாதா என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு உள்ளே, இன்னொரு வலி இருந்தது. அதைச் சொன்னதும் அழுத்திப் பார்த்தார், சோதனைகள் எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் நரம்புக் கோளாறு என்று கைகழுவிவிட்டார்.

ரோஸ் பெல்லில் எங்கள் வீட்டில் வேறு கதை. அடிவயிறு வலிக்கிறது என்றால் மாமியாருக்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டுக்கு விலக்கு. விளக்கைத் தொடக்கூடாது, சாமி அறைப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. மாதத்தில் பாதி நாள் வலிக்கிற எனக்கு, பாதி நாள் தீட்டு! எத்தனை முறைதான் விளக்குவது? வயிறு வலித்தால் முட்டி வலி என்று சொல்லப் பழகிக்கொண்டேன். வீங்கிய முட்டியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்கு முந்தைய வருஷம், தைப்பூசக் காவடிக்குப் பால் செம்பு எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். குணமாக்கு என்றுகூடக் கேட்கவில்லை. யாராவது ஒருவர் இந்த வலியை நம்பினால் போதும், முருகா என்றுதான் கேட்டேன். விரதம் நல்லபடியாகவே போனது. ஆற்றங்கரையில் செம்பின் வாயை வாழையிலையால் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு, கரும்புத் தோட்டங்களின் ஊடே கோவிலுக்கு நடந்தோம். எங்கள் ஊரில் எல்லார் கண்ணும் பால் மேல்தான். அத்தனை வெயிலிலும் திரியாமல் வந்து சேர்ந்தால் விரதம் சுத்தம். திரிந்துவிட்டால் ஊர் வாயை மூட முடியாது.

பாதி வழியில் வலி பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டேன். பக்கத்தில் நடந்துவந்த மாமியார் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, மோ திஃபி? முட்டியா?"

என் மகளே என்று தீவின் கிரியோல் மொழியில் அவர் என்னைக் கூப்பிடுவது அபூர்வம். அதனாலோ என்னவோ, பொய் வாயில் வரவில்லை.

"இல்ல மாமி, வயிறு. எப்பவும் வயிறுதான். தீட்டு இல்ல. என்னான்னு டாக்டருக்கே தெரியல."

செம்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவரோ என் இடுப்பைச் சுற்றிக் கைகொடுத்து மெல்ல நடத்திக் கூட்டிப்போனார்.

கோவிலில் இலையைப் பிரித்தேன். பால் திரிந்திருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி கழுத்தை நீட்டிப் பார்த்து, "சுத்தம் பத்தலை போல" என்றாள்.

தீட்டு பார்ப்பதில் ஊரிலேயே பேர்போன என் மாமியார் அவள் பக்கம் திரும்பினார்.

"சொலே த்ரோ ஃபோர். என்னா வெயில், பாக்கலையா? என் மருமக சுத்தமாத்தான் வந்தா."

அங்கேயே அழுதுவிட்டேன். அந்த வலிக்கு இன்றுவரை ஒரு டாக்டரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வயிறு வலித்தால், வயிறு வலிக்கிறது என்றே சொன்னேன்.