பதினோரு நாள் வராத காண்ட்ராக்டர்

சாரல் தொடங்கிய வாரம். காலை எட்டு மணி. ஒரு அடுப்பில் தோசை, இன்னொரு அடுப்பில் சாம்பார், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். பழக்கமில்லாத நம்பர்.

"அக்கா, நான் கடையநல்லூர்ல இருந்து ரஹ்மத் பேசுதேன். சுடலைமுத்துன்னு ஒரு காண்ட்ராக்டர், உங்க வீட்டு பாத்ரூம் வேலை பாத்தாராமே... ஆளு எப்படிக்கா?"

நல்ல கேள்வி. வீட்டு வேலைக்கு ஆள் விடும் முன்னால் நாலு இடத்தில் விசாரியுங்கள் என்று இதே பக்கத்தில் நான் எத்தனை முறை எழுதியிருப்பேன்! இந்தப் பெண் விசாரிக்கிறாள். பாராட்ட வேண்டாமா?

நான் பாராட்டவில்லை. தோசை கருகிக்கொண்டிருந்தது.

"வேலை நல்லாத்தாம்மா இருக்கும். ஆனா பாத்துக்கோங்க, பாதியில காணாமப் போயிருவாரு. எங்க வீட்டுல பதினோரு நாள் ஆளையே காணோம்."



"அப்படியா... சரிக்கா. ரொம்ப தேங்க்ஸ்."

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது. தோசையைத் திருப்பிப் போட்டேன், மறந்தும் போனேன். உண்மையைத்தானே சொன்னேன்?

அந்த உண்மையின் கதை போன வருடத்தது. என் வீட்டுக்காரருக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. கீழே உட்கார முடியாது, வழுக்கும் தரையில் நடக்கக் கூடாது. பாத்ரூமை இடித்து மாற்றியே ஆக வேண்டும். வடகரையிலிருந்து சுடலைமுத்து வந்தார். நாற்பது வயது இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஆள்.

சும்மா விடுவேனா? அவர் முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டில் பாத்ரூம் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, தேங்காமல் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தேன். அந்த வீட்டம்மா என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பார்க்கட்டுமே... தண்ணீர் ஓடியது. சுடலைமுத்துவை வரச் சொல்லிவிட்டேன்.

முதல் மூன்று நாள் பிரமாதம். பழைய டைல்ஸ், குழாய், கதவு எல்லாம் போனது. நாலாம் நாள் ஆள் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. ஒரே ஒருமுறை, "வந்துருதேன்க்கா" என்று ஒரு மெசேஜ். பதினோரு நாள்! ஒவ்வொரு முறையும் என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகப் பக்கத்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனேன். சாரல் வேறு. ஒரு கையில் குடை, ஒரு கையில் அவர்.

பன்னிரண்டாம் நாள் சுடலைமுத்து ஆட்களோடு வந்து நின்றார். நாலைந்து நாள் தாடி. கண் சிவந்திருந்தது. குடித்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். மணல் சலித்துக்கொண்டிருந்த அவருடைய ஆட்கள் நாலு பேர் முன்னால், வாசலில் வைத்தே ஆரம்பித்தேன்.

"வேலையை ஒத்துக்கிட்டு இப்படித்தான் ஓடிப்போவீங்களா? பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமா? நீங்கள்லாம் ஒரு காண்ட்ராக்டரா?"

சல்லடை நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொந்த வேலையாப் போயிட்டேன்க்கா. இனி நிக்காது."

நிற்கவில்லைதான். ஒரு வாரத்தில் முடித்தார். கடைசி நாள், நான் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். என் வீட்டுக்காரரை ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்தார். "அண்ணாச்சி, ஒரு தடவ உக்காந்து எந்திரிங்க... இன்னொரு தடவ... உங்க கை தன்னால எங்கன போவுதுன்னு பாக்கேன்." கை போன இடத்தில் பென்சிலால் குறித்து, அந்த உயரத்தில் ஸ்டீல் கைப்பிடி ஒன்று பதித்தார். இன்றுவரை என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார்.

இதையெல்லாம் ரஹ்மத்திடம் சொன்னேனா? இல்லை. பதினோரு நாளை மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். குற்றாலத்தில் நல்ல தண்ணீர் என்றார்கள். கூட்டம் வரும் முன் குளித்துவிடலாம் என்று விடியற்காலையிலேயே பேரருவிக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் அப்போதே வரிசை. குளித்து முடித்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக் கூரைக்குள் ஒதுங்கினேன்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பெண் நின்றாள். எங்கோ பார்த்த முகம்.

"வடகரை சுடலைமுத்து வீட்டுல. இசக்கி. ஒருநா அவியளுக்குச் சோறு கொண்டாந்தேம்லா உங்க வீட்டுக்கு."

ஞாபகம் வந்தது. இரண்டு டீ சொன்னேன். என் வீட்டுக்காரரின் காலைப் பற்றிக் கேட்டாள். கைப்பிடி உபயோகமாக இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு, "நான் அடிக்கடி வருவேன்க்கா" என்று அருவியைப் பார்த்தாள். "அதுக்குக் கீழ நிக்கும்போது காதுல வேற சத்தமே விழாது. கொஞ்ச நேரம் ஒண்ணும் நினைப்பு வராது."

என்ன நினைப்பு என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"உங்க வீட்டு வேலை நடக்கும்போதுதான்க்கா எனக்குக் குழந்தை தங்காமப் போச்சு. எட்டு வருசம் கழிச்சு உண்டாச்சு. அஞ்சு மாசம். திடீர்னு... பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில பதினோரு நா இருந்தேன். அவிய என்னை விட்டு நகரல. 'அக்கா வீட்டு வேலை பாதியில கெடக்கு, அண்ணாச்சிக்குக் கால் முடியாது'ன்னு பொலம்பிக்கிட்டே இருந்தாவ. நீங்க போங்கன்னேன். போவல."

டீ கிளாஸ் என் கையில் அப்படியே இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா..."

"நானும் கேட்டேன்க்கா. பொம்பளையாளுகிட்ட இதைப் போயி எப்படிச் சொல்லன்னாவ." லேசாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "இப்ப ரெண்டு வாரமா வேலை இல்ல. கடையநல்லூர்ல ஒரு வேலை ஏறக்குறைய பேசி முடிஞ்சுது. அந்தக்கா திடீர்னு வேண்டாம்னுட்டாவளாம். யாரோ ஏதோ சொல்லிட்டாவ போல."

யாரோ!

நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, ஈரத் துணியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

"நீ பொய் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப ஏன் அழுத?"

பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது என்று தோன்றியது. பொய்யைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பாதி உண்மையை என்ன செய்வது?

மறுநாள் ரஹ்மத்துக்குப் போன் செய்தேன். அன்றைக்கு அவசரத்தில் பேசிவிட்டேன், சுடலைமுத்து நல்ல மனிதர், தாராளமாக வேலை கொடுக்கலாம் என்றேன். மடமடவென்று. அவள் கேட்டுக்கொண்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அன்னிக்குக் காணாமப் போயிருவாருன்னீங்க. இன்னிக்கு நல்லவருங்கீங்க. அவரு உங்களைப் பேசச் சொன்னாரா?"

சுருக்கென்றது. ஆனால் அவள் கேட்டது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவளுடைய நிலைமையை அப்போதுதான் முழுதாகச் சொன்னாள். புருஷன் துபாயில். வீட்டில் இவளும் இரண்டு பெண் பிள்ளைகளும். ஆறு மாதம் முன்பு யாரையும் விசாரிக்காமல் ஒருவரை விட்டு அடுப்படியை மாற்ற ஆரம்பித்தாள். சுவரை உடைத்துப் போட்டுவிட்டு அவர் போனவர் போனவர்தான். அன்றிலிருந்து ஹாலில் ஸ்டூல் போட்டு அடுப்பு வைத்துச் சமையல்.

"அதான்க்கா பயம். பாதியில போயிருவாருன்னு நீங்க சொன்னதும் உடனே வேண்டாம்னுட்டேன். நான் வேலை எப்படின்னு கேக்கல. ஆளு எப்படின்னுதான் கேட்டேன். பிள்ளைங்க இருக்க வீடு... உள்ள வரப்போற மனுசன் எப்படின்னு தெரியணும்லா? அந்தப் பதினோரு நாள் அவரு எங்க போனாரு? அதைச் சொல்லுங்க."

எனக்குத் தெரியும். ஆனால் அது என்னுடைய ரகசியமா? இசக்கி ஈரத்தலையோடு ஒரு டீக்கு நடுவில் என்னிடம் சொன்னது. அதை எடுத்து இன்னொருத்தியிடம் சிபாரிசுக் கடிதம் மாதிரி நீட்டலாமா? பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன்.

இசக்கியிடம் பேச வேண்டும். பேசினால் முதல் வரியே, 'அந்த யாரோ நான்தான்' என்பதாக இருக்க வேண்டும். சாயங்காலம் வரை தள்ளிப்போட்டேன். துணி மடித்தேன். ஏற்கெனவே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். அப்புறம்தான் போனை எடுத்தேன்.

சொன்னேன்.

"நீங்களாக்கா அது?"

"நான்தாம்மா."

"ம்..."

அந்த ஒற்றை எழுத்துக்குப் பதில் அவள் கத்தியிருந்தால் தேவலை.

"அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லட்டுமா இசக்கி? நீ வேண்டாம்னா சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்ல வேண்டாம்க்கா." குரல் கெட்டியாக இருந்தது. "அந்தக்கா நம்பரைத் தாங்க. நானே பேசுதேன்."

இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம் பேசினார்களாம். அடுத்த நாள் ரஹ்மத் கூப்பிட்டாள்.

"அக்கா, பதினோரு நாளும் பொண்டாட்டி பக்கத்துலயே இருந்த மனுசன் என் வீட்டுக்குள்ள வரலாம்க்கா. திங்கக்கெழமை வேலை ஆரம்பிக்கச் சொல்லிட்டேன்."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஆனால் இன்னொரு போன் பாக்கி இருந்தது. அதை நான் செய்வதற்குள் சுடலைமுத்துவே கூப்பிட்டார்.

"இசக்கி எல்லாம் சொன்னாக்கா. நீங்க சொன்னது உள்ளதுதான. பதினோரு நா நான் வரலல்லா. போனையாவது எடுத்திருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்கு."

என்னைச் சமாதானப்படுத்துகிறார்! மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் நடுவில் பேசினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. அன்னிக்கு என் ஆளுங்க முன்னால ஏசாம இருந்திருக்கலாம். தனியாக் கூப்பிட்டு ஏசிருந்தா... ஒருவேளை சொல்லிருப்பேன்."

ஒரு வருடமாக உள்ளே வைத்திருந்திருக்கிறார் மனிதர். இந்த முறை மன்னிப்பை முழுதாகக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றார். அண்ணாச்சி கால் இப்போது எப்படி என்று கேட்டார்.

போன வாரம் கடையநல்லூர் போயிருந்தேன். ரஹ்மத்தின் அடுப்படி முடிந்துவிட்டது. மேடை அவளுடைய உயரத்துக்குச் சரியாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். மேடை கட்டும் முன்பே ஒரு மேசையில் சப்பாத்திக் கட்டையை வைத்து உருட்டிக் காட்டச் சொன்னாராம். முழங்கை எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் உயரம் வைத்தாராம். நடுவில் இரண்டு நாள் வரவில்லை. ஆனால் முந்தின நாளே போன் செய்து, "வீட்டுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்க்கா" என்று சொல்லிவிட்டாராம். "காரணத்தோட லீவு கேக்காருக்கா, ஸ்கூல் பிள்ளை மாதிரி" என்று சிரித்தாள். புது அடுப்பில் எனக்கு டீ போட்டாள்.

இப்போதும் சொல்கிறேன். வீட்டு வேலைக்கு ஆள் விடும் முன் விசாரியுங்கள். பழைய வேலைகளை நேரில் போய்ப் பாருங்கள். தரையில் தண்ணீரைக் கொட்டிக்கூடப் பாருங்கள். ஆனால் விசாரிப்பதில் பாதியை ஊரிடம் கேட்டால், மீதியை அந்த ஆளிடமே கேளுங்கள். சுடலைமுத்துவைப் பற்றி நான் எத்தனை பேரிடம் கேட்டேன்! 'ஏன் வரவில்லை, ஏதாவது கஷ்டமா' என்று அவரிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லையே. உங்களிடம் யாராவது ஒருவரைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து முதலில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இதை அனுப்பும் முன் இசக்கிக்குப் போனில் முழுவதையும் படித்துக் காட்டினேன். எழுதலாம் என்றாள். எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன் என்றேன். சரி என்றாள். ஒரே ஒரு திருத்தம்தான் கேட்டாள்.

"அவிய வேலை ரொம்ப சுத்தமா இருக்கும்னு ஒரு வரி சேத்துக்கோங்கக்கா."

"பெயரைத்தான் மாத்தியாச்சே, அது யாருன்னு யாருக்குத் தெரியப்போவுது இசக்கி?"

"எனக்குத் தெரியும்லா."

அவர் வேலை ரொம்ப சுத்தமாக இருக்கும்.