வழியை மறித்த வண்டி

அந்த மதுக்கடை வாசலில் ஒன்பது வருடமாக நிற்கிறவரை எல்லோரும் வாசல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி. அடிதடியை விலக்க இப்படியொரு ஆளா என்று புதிதாக வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். அவர் யாரையும் விலக்குவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தால் அவர்கள் பக்கமே போகமாட்டார். சுற்றியிருக்கிற மேசைகளுக்குப் போய், வெளியில் ஒரு வண்டி வழியை மறித்து நிற்கிறது, யாருடையது என்று கேட்பார். வண்டியே இல்லாதவர்களும் எழுந்து போய்ப் பார்ப்பார்கள். பழகியவர்களுக்கு அது பொய் என்று தெரியும், ஆனாலும் போவார்கள். ஆளில்லாத அறையில் ஓங்கிய கையோடு நிற்கிற இருவருக்கும் சற்று நேரத்தில் வெட்கமாகிவிடும். ஒருவன் சிகரெட் கேட்பான். மற்றவன் நீட்டுவான். கடைக்கார அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தம்ளர் துடைப்பாள்.

இந்த வித்தை அவருக்குச் சிறையில் கிடைத்தது. இருபத்திரண்டு வயதில் சீட்டாட்டத்தில் சிநேகிதனைக் குத்திக் கொன்றார். முதல் சீட்டை யார் போடுவது என்பதுதான் தகராறு. சுற்றிலும் பதினான்கு பேர். பதினோரு வருடம் அந்த முகங்களை எண்ணிக்கொண்டிருந்தார். குத்தியது தன் கைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறையில் வேறு யாரும் இல்லாதிருந்தால் சீட்டை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம் என்பதும் தெரிந்தது.

ஒரு மத்தியானம் செத்தவனின் தம்பி மூன்று கூட்டாளிகளோடு வந்தான். அண்ணன் சாகும்போது அவனுக்குப் பத்து வயது. இப்போது அண்ணனைவிட மூத்தவன்.

"இவன்தான். என்னடா பாத்துட்டு நிக்கிற? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றான் ஒரு கூட்டாளி.

தம்பியின் கை சட்டைக்குள் போனது. மேசைகளில் பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். வாசல்காரருக்கு அந்த அமைதி பழக்கமானது. வண்டியைச் சொல்ல வாயைத் திறந்தார். குரல் எழவில்லை.

"வெளியில ஒரு வண்டி வழிய மறிச்சிட்டு நிக்குது. யாரோடது?" என்றாள் அக்கா.

கடையே எழுந்தது. தங்கள் வண்டியோ என்ற பயத்தில் கூட்டாளிகளும் போனார்கள். அக்கா மட்டும் போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு தம்ளர் துடைத்தாள்.

தம்பி சட்டைக்குள்ளிருந்து கையை எடுக்காமலே கேட்டான்: "எங்கண்ணன் கடைசியா என்ன சொன்னான்?"

"'போதும் விடுடா, நீயே போடு'ன்னான். யாரோ சிரிச்சாங்க. நான் விடல."

தம்பியின் கை வெறுமையாக வெளியே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அவன்தான் வம்பிழுத்து செத்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அம்மா இன்னும் அதத்தான் நெனச்சு அழுவுறா. நீ வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

கூட்டாளிகள் திரும்பி வந்து, வெளியே எந்த வண்டியும் இல்லை என்று முறையிட்டார்கள். தனக்குத் தெரியும் என்று சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான் தம்பி.

அன்று சாயங்காலம் வாசல்காரர் ஒரு நாள் லீவு கேட்டார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அங்க எத்தன பேரு இருப்பாங்க?" என்றாள் அக்கா.

"அந்தம்மாவும் அவனும் மட்டும். கேட்டுக்கிட்டேன்."

அக்கா தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப நல்ல சட்டையா போட்டுட்டுப் போங்க."