பொதுவில் வைத்த பாலிசி

எட்டு வருஷத்துக்கு முன்னால் அத்துவிட்ட பெண்டாட்டி திடீரென்று கடை வாசலில் வந்து நின்றால் ஆம்பளைக்கு முதலில் வருவது பாசமில்லை. பயம். அருப்புக்கோட்டையில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு வீட்டுக் கேதம் எல்லாவற்றுக்கும் என் ஒலிபெருக்கிக் குழாய்தான் போகும். அன்றைக்கு ஸ்டூல் மேல் ஏறி ஒரு குழாய்க்கு வயர் முறுக்கிக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். கீழே பார்த்தால் அவள். ஜீவனாம்சம், போலீஸ், கோர்ட், கைவிலங்கு எல்லாம் ஒரே நிமிஷத்தில் என் கண்முன் வந்து போயின. கைவிலங்கோடு எப்படி ஆம்ப்ளிஃபயரைத் தூக்குவது என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அவள் என்னை எந்த வார்த்தை சொல்லியும் கூப்பிடவில்லை. கூப்பிட வார்த்தை இல்லை. குழாயைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த பாலிசி இருக்குல்ல, ரெண்டு பேரு பேருலயும் போட்டது. அது வேணும்."

"எதுக்கு?"

"மார்ல கட்டி. மதுரையில காமிச்சேன். சீக்கிரம் ஆப்ரேசன் பண்ணிருன்னுட்டாக. அண்ணன்கிட்ட இருந்தது மூட்டத்துக்கு வெறகு வாங்குனதுல போச்சு. பாலிசிய முடிச்சுப் பணம் வாங்கலாம்னு எங்க ஊரு வாத்தியாரு சொன்னாரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்."

அவள் பரளச்சிப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அவர் கருவேல விறகை வாங்கிக் கரிமூட்டம் போடுகிறவர். இவள் மிளகாய் பறிக்கவும் மல்லி அறுக்கவும் போய்க்கொண்டிருந்தாள்.

பாலிசி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருந்ததே அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "வீட்ல பெட்டியில கெடக்கு. அடுத்த வாரம் வா, எடுத்து வைக்கிறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பயந்தவன் வாயில் முதலில் வருவது எதுவோ அதுதான். மைக் முன்னால் நின்று பழகிய வாய். சும்மா இருக்கத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணம் ஆன இரண்டாவது வருஷம், ஏஜெண்டு ஒருவர் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போனது அது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் உயிருக்கும் சேர்த்து ஒரே பாலிசி. அதற்குக் கையெழுத்துப் போடவேண்டும் என்பதற்காகவே நான் அவளுக்குத் தன் பேரை எழுதச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று நாள் சிலேட்டில் எழுதிப் பழகினாள். நான்காம் நாள் பாரத்தில் போட்டாள். எழுத்து ஒவ்வொன்றும் கோலப் புள்ளி வைத்ததுபோல் தள்ளித்தள்ளி நிற்கும். ஐந்து வருஷமும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான்தான் போய்ப் பணம் கட்டினேன். அப்புறம் அத்துவிட்டார்கள். கட்டுவது நின்றது.

தேட ஆரம்பித்தேன். தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். இசைத்தட்டு உறை ஒவ்வொன்றுக்குள்ளும் கைவிட்டுத் துழாவினேன். முந்நூறு உறை இருக்கும். அரிசி டிரம், சாமிப் படத்தின் பின்பக்கம், பழைய பஞ்சாங்கங்கள். ஒரு குழாயின் வாய்க்குள் தலையைவிட்டுப் பார்த்தபோது எதிர்க்கடைக்காரர், "என்னண்ணே, உள்ளேயிருந்து பதில் வருதா?" என்று கேட்டார். வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். இரண்டாங் கல்யாணம் அமையவில்லை. என் வாயைப் பற்றிய தகவல் காரியாபட்டி வரைக்கும் போயிருந்தது. என் குழாய்கூட அவ்வளவு தூரம் கேட்காது.

அடுத்த வாரம் அவள் வந்தாள். "மதுரையில கூட்டாளி ஒருத்தன்கிட்ட இருக்கு, வாங்கிட்டு வரணும்" என்றேன். அந்தக் கூட்டாளிக்கு அந்த இடத்திலேயே ஒரு வீடும் இரண்டு பிள்ளைகளும் கொடுத்தேன். சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கிறது, அதனால் வீட்டுக்குள் போக முடியவில்லை என்றேன். "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இல்லாத பிள்ளைக்குப் பாவப்பட்டுவிட்டு, கட்டியோடு பஸ் ஏறிப் போனாள். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வந்தாள். அப்போது இன்னொரு கதை. இப்படி மாசி முடிந்தது.

இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பாலிசியைத் தொலைத்தால் ஜெயில் என்று டீக்கடையில் எவனோ சொன்னதை நம்பிவிட்டேன். ஆபீஸ் வாசல்வரை நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் எதிரே இருந்த கடையில் சர்பத் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பங்குனியும் பாதிக்கு மேல் போய் ஒரு மத்தியானம் அவள் வந்தபோது நான் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டினாள்.

"இன்னிக்கு என்ன? கரையான் தின்னுருச்சா?"

அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

"இல்லையின்னா இல்லையின்னு சொல்லுறதுக்கு என்ன? நான் என்ன சண்டைக்கா வாரேன்? தொலஞ்சு போச்சா?"

"தொலஞ்சு போச்சு."

குழாய்ப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். வலது கையை உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தாள், குழந்தையை இடுக்கியிருப்பதுபோல. வீக்கத்துக்குப் பத்தாமல் ரவிக்கைக் கை தையல் பிரிந்து ஊக்கு குத்தியிருந்தது. பொங்கலுக்கு வந்தபோது அப்படி இல்லை.

"இதை மொதநாளே சொல்லிருந்தா வாத்தியாரு வேற வழி பாத்திருப்பாரு" என்றாள். திட்டவில்லை. எனக்குப் பயம் அப்போதுதான் உண்மையாகவே வந்தது. அதுவரை பயந்ததெல்லாம் எனக்காக.

மறுநாள் காலையில் சர்பத் குடிக்காமல் ஆபீசுக்குள் போனேன். கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பழைய லெட்ஜர்களைப் புரட்டினார். நம்பர் தெரியாது, ஏஜெண்டு இறந்துவிட்டார், வருஷம் குத்துமதிப்பு. அரை நாள் ஆனது. கடைசியில், "இந்தா இருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார். ஒரே வரியில் இருந்தோம்.

"கட்டுறத நிறுத்திட்டீங்க. ஆனா மூணு வருசத்துக்கு மேல கட்டுனதால அது சாகல. கட்டுன அளவுக்கு உயிரோட இருக்கு. பாலிசி பாண்டு எங்க?"

"தொலஞ்சு போச்சுங்கய்யா. என்னையப் பிடிச்சு உள்ள போட்டாலும் பரவால்ல, பணத்த மட்டும் அந்தப் பொம்பளப் பிள்ளைக்குக் குடுத்துருங்க."

"உள்ள போட இங்க எடமில்ல, லெட்ஜருக்கே பத்தல" என்றார். ஜெயிலெல்லாம் கிடையாது. பத்திரத் தாளில் இரண்டு பேரும் எழுதிக்கொடுக்க வேண்டும். சொத்து உள்ள ஒருவர் ஜாமீன் போடவேண்டும். பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும்: இன்னாரும் அவர் மனைவி இன்னாரும் கூட்டாக எடுத்த பாலிசி காணாமல் போய்விட்டது என்று. ஒரு மாதம் போகவேண்டும். அப்புறம்தான் நகல் பாண்டு.

'அவர் மனைவி' என்ற வார்த்தை டீக்கடையில் சத்தமாக வாசிக்கப்படுவதை நினைத்து, விளம்பரத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டு ஜாமீனை முதலில் தேடினேன். பயம் போய்விட்டது என்றா சொன்னேன்? இடம் மாறியிருந்தது.

எனக்காகக் கையெழுத்துப் போடக்கூடிய சொத்துள்ள மனிதர் ஒருவர்தான் இருந்தார். மிளகாய், மல்லி கமிஷன் கடை அண்ணாச்சி. எங்களை அத்துவிட்ட பஞ்சாயத்தில் நடுவாக உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். மூட்டைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே போய் நின்றேன்.

"ஜாமீனா? எதுக்குலே?"

"அவளும் நானும் போட்ட பாலிசி தொலஞ்சு போச்சு அண்ணாச்சி."

அவர் எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"இதையா தேடுற?"

உறையின் மேல் மூலையில் மஞ்சளும் குங்குமமும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பெட்டியில் இருக்கிற பத்திரங்களையெல்லாம் எடுத்துப் படைத்துப் பொட்டு வைப்பார். எங்கள் பாலிசிக்கும் வைத்திருக்கிறார். எண்ணினேன். எட்டுப் பொட்டு.

"இது எப்படி அண்ணாச்சி உங்ககிட்ட?"

"ஏலே, நெசமாவே கேக்கியா? நீ சொல்லித்தானடா வாங்கி வச்சேன்!"

எங்கள் பக்கம் அப்போது இந்த விஷயத்துக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் குறைவு. பெரியவர்கள் கோயில் முன்னால் கூடுவார்கள். சீர்ப் பட்டியலைப் படிப்பார்கள். அண்டா, குத்துவிளக்கு, கட்டில் என்று ஒவ்வொன்றாகப் பெண் வீட்டார் பக்கம் போகும். கடைசியில் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி அத்துவிடுவார்கள். யாருக்கு என்று முடிவாகாத பொருள் இருந்தால் நடுவரிடம் பொதுவில் வைப்பார்கள். பெண்ணைக் கூட்டத்துக்குள் விடுவதில்லை. அவளுக்காக அவள் அண்ணன் பேசினார். அவள் தூரத்தில் வேப்ப மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

அத்துவிட்டதற்குக் காரணமும் என் வாய்தான். அவளுக்கு இரண்டாவது தடவை கரு கலைந்தபோது டீக்கடையில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது அவள் காதுக்குப் போய்விட்டது. அது என்ன வார்த்தை என்று எழுதமாட்டேன். அன்றிலிருந்து அத்துவிடும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

பஞ்சாயத்தில் எல்லாச் சாமானும் பிரிந்த பிறகு தகரப் பெட்டியிலிருந்து இந்தத் தாள் வந்ததாம். இது என்ன என்று அண்ணாச்சி கேட்டாராம். அதற்கு நான் சொன்னதை எட்டு வருஷம் கழித்து அவர் எனக்கே சொல்லிக் காட்டினார்.

"'அது எங்க ரெண்டு பேருல யாரு மொத சாவாகன்னு கட்டுன பந்தயம் அண்ணாச்சி. பந்தயப் பணத்த ஆடுறவன் கையில குடுக்கக் கூடாது, நடுவரு கையில இருக்கட்டும்'னு சொன்ன. கூட்டமே சிரிச்சுச்சு. அவ அண்ணன் மட்டும் சிரிக்கல. சரி, இவன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்குன்னு வாங்கி வச்சேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பய வந்து கேக்கல."

எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குக் காலையிலிருந்து குடித்திருந்தேன், சிரிப்புக் காட்டிக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் தெரியும். என் கடையிலிருந்து அண்ணாச்சி கடை கூப்பிடு தூரம். நான் மைக்கில் இருமினால் அவருக்குக் கேட்கும்.

அவள் முதல்முதலாக வந்து நின்ற நாளிலிருந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது.

ஆபீசுக்கு அவளும் பரளச்சி வாத்தியாரும் வந்தார்கள். கிளார்க் பாரத்தை நீட்டினார். அவள் பேனாவை வாங்கினாள். வீங்கிய விரல்களுக்கு நடுவே பேனா நிற்கவில்லை. முதல் எழுத்தை ஆரம்பித்தாள், அது கோடாக இழுத்துக்கொண்டு போனது. இடது கையால் போட்டுப் பார்த்தாள். கிளார்க் பழைய பாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் அந்தக் கோலப் புள்ளிக் கையெழுத்து.

"ஒத்து வரலம்மா. கைநாட்டு வச்சிருங்க. கையெழுத்துத் தெரிஞ்சவங்க ஏன் கைநாட்டு வைக்கிறாங்கன்னு மட்டும் ஒரு வரி காரணம் எழுதணும்." என்னைப் பார்த்தார். "என்ன காரணம் எழுத?"

பதில் வாய்வரை வந்தது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். வாத்தியார், "கை வீக்கம்னு எழுதுங்க" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் இப்பமும் புருசன் பெண்டாட்டிதான? இதுல அப்படித்தான் இருக்கு" என்றார் கிளார்க்.

நான் மேசையைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள்.

"அதுல என்ன இருக்கோ அப்பிடியே வச்சுக்கிருங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு."

பிறகு பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள். மையைத் துடைக்க நான் துண்டை நீட்டினேன். அவள் சுவரில் துடைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் வாத்தியாரிடம், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "அந்த அம்மை போட்ட பிள்ளைக்கு எப்படி இருக்காம்?" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கரையானைச் சேர்த்தால், எட்டு வருஷத்தில் அவள் என்னைக் கேலி செய்தது அது இரண்டாவது தடவை. நான் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

வந்த பணம் முழுவதும் அவளுக்குப் போனது. ஆப்ரேசன் நடந்தது. பொங்கலையொட்டி வந்திருந்தால் பார்த்திருக்கலாம், இப்போது கட்டி அக்குள்வரை பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னதாக வாத்தியார் அண்ணாச்சியிடம் சொல்ல, அண்ணாச்சி என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு மிளகாய் மூட்டையைத் தைக்கப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருஷம் புரட்டாசியில் பரளச்சியிலிருந்து கேதத்துக்கு ரேடியோ செட் கேட்டு ஆள் வந்தது. அந்தப் பக்கம் வேறு செட் கிடையாது. யார் வீட்டுக் கேதம் என்று நான் கேட்கவில்லை. நானே கொண்டுபோய் வேப்ப மரத்தில் குழாயைக் கட்டினேன். பெண்கள் கூடி அழுத இடத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குழாயைத் திருப்பி வைத்தேன். சுடுகாட்டுக்கு எடுக்கிற நேரத்தை மைக்கில் சொல்லச் சொன்னார்கள். வேறு ஒருவரைச் சொல்லச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் முடிந்து வயரைச் சுருட்டும்போது அவள் அண்ணன் வந்தார். கரி படிந்த கை. "வாடகை எம்புட்டு?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. வேண்டாம் என்றால், நீ யார் வேண்டாம் என்று சொல்ல என்று ஆகிவிடும். வழக்கமான வாடகையைச் சொன்னேன். கொடுத்தார். வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் குழாயை ஏற்றினேன்.