இரண்டு வேலைக்கு ஒரே பின்

காரைக்குடியில், தண்ணீர்த் தொட்டிகளைக் கண்காணிக்கும் கருவி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கருவிக்குள் இருப்பது லினக்ஸில் ஓடும் கையகலக் கம்ப்யூட்டர் போர்டு. போன வருடம் அதில் ஒரு சிக்கல். திரைக்கும், சிம் கார்டு வழியாகத் தகவல் அனுப்பும் மோடத்துக்கும் போர்டில் அதே இரண்டு பின்கள், அதாவது ஒயர் மாட்டும் ஊசிகள். போர்டு கிளம்பும்போது திரை அவற்றைப் பிடித்துக்கொள்ளும்; அடுத்து வரும் மோடத்துக்கு இடமில்லை என்று பிழை காட்டும். மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நான்காம் நாள், வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான பள்ளத்தூர்ப் பெண், திரையை வேறு பின்களுக்கு மாற்றி, அமைப்புக் கோப்பில் நான்கு வரி எழுதி, இரண்டையும் ஓட வைத்துவிட்டாள்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் கைதட்டினேன்.

சாயங்காலம்வரை அவள் வேலையில் குறை தேடினேன். கிடைத்தது. எந்த மெமரியிலிருந்து கிளம்புவது என்பதை, கரண்ட் வந்த நொடியில் ஒரு பின்னைப் பார்த்துத்தான் போர்டு முடிவுசெய்யும். அவள் திரையின் ஒயர் ஒன்றைக் கொடுத்திருந்தது அந்தப் பின்னில். கரண்ட் போய் வந்தால் போர்டு சில தடவை எழும், சில தடவை எழாது. ஆபீசில் ரீஸ்டார்ட் மட்டும்தான் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுவாரம் கண்டனூரில், விசேஷத்துக்கு மட்டும் ஆள் வருகிற ஒரு பெரிய வீட்டில் கருவியை மாட்டினோம். முதலாளி வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் வந்தது. திரை இருட்டாகவே இருந்தது. அவள் முகம் வெளுப்பதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்; பார்த்தேன். பிறகு பத்தே நிமிடத்தில் அந்த ஒயரை வேறு பின்னுக்கு மாற்றி, கோப்பைத் திருத்தி, ஓட வைத்தேன்.

"அக்கா இல்லேன்னா இன்னைக்கு மானம் போயிருக்கும் சார்" என்று முதலாளியிடம் அவளே சொன்னாள்.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"இது எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

"தெரியும்க்கா. பத்து நிமிசத்துல கண்டுபிடிக்கிற கோளாறா அது? தெரிஞ்சுதேன் வந்திருக்கீக."

"பெறகு ஏன் சாருட்ட அப்படிச் சொன்ன?"

"சரி பண்ணுனது நீங்கதானக்கா."

அதில் குத்தல் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புகிறோம். குறை கண்டால் அன்றே சொல்லிவிடுகிறேன். ஆனால் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். நேற்றுகூட, நான் இரண்டு தடவை படித்தும் பிடிபடாத ஒரு பிழையை அவள் ஒரே பார்வையில் சொன்னபோது, எனக்கு வயிறு எரிந்தது.