தானாகச் சரியான மெஷின்கள்

நான் இப்போது இருக்கும் ஊரில், நூலகத்தில் துளைபோடும் மெஷின் இரவல் தருகிறார்கள். புத்தகத்துக்கு உள்ளது போலவே இரண்டு வாரத் தவணை. அட்டையை நீட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எடுத்துக்கொண்டு போகலாம். நாவல்கள் இருக்கும் வரிசையைத் தாண்டினால் ஓர் அலமாரி முழுக்கச் சுத்தியலும் ரம்பமும் ஸ்பேனரும்தான். வந்த புதிதில் இதைத் திண்டுக்கல்லுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என் தம்பி நம்பவில்லை. "ஏண்ணே, அப்ப ஹார்டுவேர் கடையில புஸ்தகம் தருவாய்ங்களா?" என்று கேட்டான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பெயரைச் சொன்னாலும் உங்களில் பலருக்குத் தெரியாத சிறிய ஊர் இது. என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் தன் சான்றிதழ்களோடு வந்தாள், நான் அவளோடு வந்தேன்.

என்னிடம் சான்றிதழ் இல்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றுவிட்டது. பிறகு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினான்கு வருடம், மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்தேன். அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்றால், திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்த மில்லில் கேஷியர். முதல் நாள், மில் வேலையை மேற்பார்க்கும் மாஸ்டர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "யாரு மூலமா வந்திருக்க?" பெயரைச் சொன்னேன், உள்ளே போகச் சொன்னார். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கனடாவில் எட்டு மாதம் விண்ணப்பம் போட்டேன். இங்கே யார் மூலமாக வந்தாய் என்று கேட்பதில்லை, எந்தக் காகிதம் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அங்கே ஒருவர் வாய்ச்சொல், இங்கே காகிதம். என் கைக்கு என்ன தெரியும் என்பதை இரண்டு நாட்டிலும் எவரும் விசாரிக்கவில்லை. எட்டாவது மாதத்தில், ஸ்டெல்லா வேலைக்குப் போன பிறகு சமையலறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் அலமாரிப் பலகை ஒன்றைச் சுவரில் மாட்டுவதற்காக நூலகத்திலிருந்து துளைபோடும் மெஷின் எடுத்துவந்தேன். ஓட்டினால் காது கிழியும்படி கத்தியது. பொறுக்கமுடியவில்லை. திறந்து துடைத்து, கிரீஸ் வைத்து மூடினேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது டயேன் என்ற நூலகர் அம்மா அதை ஒருமுறை ஓட்டிப்பார்த்தார். நிமிர்ந்து, "இதைத் திறந்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை மேடம். உள்ளே தொடவே இல்லை" என்றேன். "முன்னே கத்திக்கொண்டிருந்ததே?" "தானாகச் சரியாகிவிட்டது மேடம்." அவர் மறுபடி கேட்க, நான் மறுபடி மறுக்க, மூன்று முறை நடந்தது. கடைசியில் அவர் உள்ளே போய், உயிரே இல்லாத இன்னொரு மெஷினைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இதையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இதுவும் தானாகச் சரியாகிறதா பார்ப்போம்" என்றார். சிரிக்கவே இல்லை.

நான் ஏன் பொய் சொன்னேன் என்பது மில்லில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். எங்கள் மில்லில் ஃபிட்டர் அல்லாத ஆள் மெஷினைத் திறப்பது குற்றம். மெஷின் நின்றால் கடைசியாகத் தொட்டவன் யார் என்று தேடுவார்கள், அவனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ஆனால் ஃபிட்டர் மூன்று யூனிட்டுக்கும் சேர்த்து ஒருவர்தான், அவர் வரும்வரை மெஷின் நின்றாலும் திட்டு விழும். ஆகவே நாங்களே சரிசெய்வோம், கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம்: "நான் தொடலை சார், அதுவா ஓடிருச்சு." பதினான்கு வருடம் அப்படிச் சொல்லிச் சொல்லி, நல்ல வேலை செய்துவிட்டால் முதலில் கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

டயேன் கொடுத்தவற்றில் ஐந்து மெஷின்கள் 'தானாகவே' சரியாயின. அதன் பிறகு அவர் என்னை நூலகத்தின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போனார். நூலகமும் ஊர்த் தேவாலயமும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையும் சேர்ந்து சனிக்கிழமைகளில் அங்கே ஒரு பரீட்சை வைக்கின்றன. சான்றிதழ் கேட்பதில்லை. கோளாறான மெஷினை முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். சரிசெய்தால் பாதி மதிப்பெண், என்ன செய்தேன் என்று விளக்கிச் சொன்னால் மீதிப் பாதி. என் முறை வந்தபோது டயேன் குனிந்து, "தானாகச் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னீர்கள் என்றால் உங்கள் நூலக அட்டையைப் பிடுங்கிவிடுவேன்" என்றார். திக்கித் திணறிச் சொன்னேன். ரொட்டித் தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் வாங்கிய கேக்கை டயேனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாத விடுப்பில் ஊருக்குப் போனேன். பழைய மில்லுக்கு மாஸ்டரைப் பார்க்கப் போனபோது, "ஆளே கிடைக்கலப்பா. ஃபிட்டர் இல்லாம மெஷின் பாதி நாளு நிக்குது" என்று புலம்பினார். அதே வாரம், எரியோட்டில் மகளிர் குழுத் தலைவியாக இருக்கும் மரகதம் அக்கா, எட்டு வருடமாக அதே மில்லில் மெஷின் ஓட்டும் செல்வியை என்னிடம் கூட்டிவந்தார். "இவ கை வச்சு ஓடாத மெஷின் இல்ல தம்பி. ஃபிட்டர் வேலை கேட்டா சர்டிபிகேட் எங்கங்கிறாய்ங்க. தொட்டதுக்குப் போன வருசம் மெமோ வேற. இன்னொண்ணு வந்தா வேலையவிட்டே தூக்கிருவாய்ங்க." ஆள் இல்லை என்று ஒருவர் அழுகிறார், அந்த வேலையைத் தரவில்லை என்று ஒருவர் அழுகிறார், இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே. எனக்கு நூலகத்தின் கீழ்த்தளம் ஞாபகம் வந்தது.

அந்தச் சனிக்கிழமைப் பரீட்சையில் மதிப்பெண் போடும் படிவத்தை டயேனிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு நாளில் தமிழாக்கினேன். நாகல் நகர் பக்கத்தில் ஒரு தனியார் ஐ.டி.ஐ., ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறையைத் தர ஒத்துக்கொண்டது. ஆட்களைத் திரட்டும் பொறுப்பு மகளிர் குழுவுடையது. மாஸ்டர்தான் இழுத்தடித்தார். "சர்டிபிகேட் இல்லாத ஆளப் போட்டு, நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்னத்தச் சொல்ல?" என்றார். மூன்று தடவை போய் உட்கார்ந்த பிறகு, ஒரே ஒரு உதவி ஃபிட்டர் இடம் தருவதாகச் சம்மதித்தார். செல்விக்குத்தான் தயக்கம். "வாரேண்ணே. ஆனா எனக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல? இருக்கற வேலையும் போச்சுன்னா ரெண்டு புள்ளைகளையும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாள். "என்னம்மா ஆகும்? மெஷினச் சரிபண்ணு, வேலை உனக்குத்தான்" என்று வெளிநாட்டுக்காரன் தோரணையில் சொன்னேன். அந்தத் தோரணையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

ஏழு பேர் வந்திருந்தார்கள். ஒரு மோட்டாரையும் பெல்ட்டில் ஓடும் தண்டு ஒன்றையும் பூட்டி, கோளாறு வைத்திருந்தோம். ஓட்டினால் கடகடவென்று ஆடும். செல்விக்கு முன்னால் வந்தவர்கள் பெல்ட்டை இழுத்துக் கட்டினார்கள், அல்லது பேரிங்கைக் கழற்றப் போனார்கள். செல்வி ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியில் காதை வைத்தாள். பேரிங் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த கழிவு நூலை எடுத்து, பெல்ட் ஓடும் இரண்டு சக்கரங்களுக்கும் குறுக்கே இழுத்துப் பிடித்தாள். ஒரு சக்கரம் நூலைத் தொடாமல் விலகி நின்றது. குனிந்து மோட்டாரின் அடிப் போல்ட்டைத் தடவிப்பார்த்தாள், தளர்ந்திருந்தது. மோட்டாரைச் சுத்தியால் லேசாகத் தட்டி நேராக்கி, போல்ட்டை முறுக்கி, சுவிட்சைப் போட்டாள். ஆட்டம் நின்றுவிட்டது. மாஸ்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார்.

"என்னம்மா பண்ணுன?" என்று கேட்டார்.

செல்வி அவரைப் பார்த்தாள். கையிலிருந்த நூலை மடக்கி மறைத்தாள். "நான் ஒண்ணும் பண்ணல சார். லேசாத் தொட்டேன், அதுவா ஓடிருச்சு."

மாஸ்டர் படிவத்தில் இரண்டாம் பாதிக்கு முட்டை போட்டார். "என்ன பண்ணுனோம்னே தெரியாத ஆள எப்படிப்பா ஃபிட்டராப் போடுறது? நாளைக்கு மெஷினுக்குள்ள கைய விட்டுருச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. தப்பு என்னுடையது. படிவத்தில் எல்லா வார்த்தையும் தமிழாகியிருந்தது. ஆனால் மெமோ கொடுத்தவரையே எதிரில் உட்காரவைத்து, மெமோ வாங்கியவளிடம் "தொட்டாயா?" என்று கேட்கவைக்கிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. டயேன் முன்னால் மூன்று முறை பொய் சொன்னவனே நான்தான், எனக்கே தோன்றவில்லை. என் மேலேயே ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் எழுந்துவிட்டேன்.

"சார், கார்டிங் செக்‌ஷன்ல மூணாம் நம்பர் மெஷின் ஒரு வாரம் நின்னு கெடந்துச்சே, ஒரு நா காலையில அதுவா ஓடுச்சே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அது அதுவா ஓடல சார். நான்தான் கியர் பாக்ஸத் தெறந்தேன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குத் தெரியும்ப்பா. முழங்கை வரைக்கும் கிரீஸோட நின்னுக்கிட்டு, தொடலை சார்னு சொன்ன."

"அப்பவே ஏன் சார் கேக்கல?"

"கேட்டா மெமோ குடுக்கணும். குடுத்தா உன்ன அனுப்பணும். மெஷின் ஓடுது, பேசாம இருந்துட்டேன்." பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள், செல்வியைத் தவிர. அவர் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பொண்ணு மேனேஜர் கண்ணு முன்னாடி தொட்டுருச்சு. என்னால ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

மாஸ்டர் அவளிடம் திரும்பி, "பயப்படாம சொல்லும்மா. மெமோ எல்லாம் வராது" என்றார்.

செல்வி சற்று யோசித்தாள். "வாயால சொன்னாப் பத்தாது சார். எழுதித் தருவீங்களா?"

சான்றிதழே வேண்டாம், காகிதமே வேண்டாம் என்று மூன்று வாரமாகப் பேசித்தான் அந்தப் பரீட்சையை நடத்தினேன். இப்போது பரீட்சை எழுத வந்தவள் காகிதம் கேட்கிறாள், அதுவும் பரீட்சை வைக்க வந்தவரிடம். மாஸ்டரின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் படிவத்தைத் திருப்பிப்போட்டு, இங்கே சொல்வதற்காகவும் முன்பு தொட்டதற்காகவும் செல்வி மேல் நடவடிக்கை கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மரகதம் அக்கா சத்தமாக வாசித்துக்காட்டி, மடித்துச் செல்வியிடம் கொடுத்தார். அவள் அதைப் பர்சுக்குள் வைத்து ஜிப்பை இழுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

திறந்தபின் நிறுத்த முடியவில்லை. நூல் ஏன், போல்ட் ஏன், பேரிங்கை ஏன் தொடவில்லை என்று முதலில் சொன்னாள். பிறகு எட்டு வருடக் கதை வந்தது. "போன ஆடியில ரெண்டாவது யூனிட்ல ஃபேன் நின்னுச்சுல்ல சார், நான்தான். கேரளாக்கார ஃபிட்டர் பாத்துட்டு முடியாதுன்னு போனாருல்ல, அதுவும் நான்தான்." மாஸ்டர் மதிப்பெண் போடுவதை விட்டுவிட்டு, அவள் சொல்வதைக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் மரகதம் அக்கா எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டு செல்வியை உதவி ஃபிட்டராக நிரந்தரம் செய்தார்கள். மற்ற ஆறு பேரில் இரண்டு பேருக்கு அந்த ஐ.டி.ஐ. குறுகிய காலப் பயிற்சி தந்தது, மற்றவர்களுக்கு அப்போதைக்கு எதுவும் நடக்கவில்லை. இப்போது இன்னொரு மில்லும் சேர்ந்திருக்கிறது. படிவத்தின் முதல் வரியாக, இங்கே சொல்லும் எதற்கும் மெமோ கிடையாது என்று அச்சடித்துவிட்டார்கள். அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதி டயேனிடம் கொடுத்தேன், எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் அங்குள்ள படிவத்தில் சேர்த்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பரீட்சைக்கு வந்த சிரியாக்காரர் ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, தோளை இறக்கி மூச்சுவிட்டார்.

புதிதாக இங்கே வந்து வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நமக்குத் தெரியும் என்று சொல்வது திமிர் இல்லை. அதைச் சொல்லப் பழகவே எனக்குப் பல மாதம் ஆனது. ஊரில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று: உங்கள் ஆட்கள் ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

போன வாரம் ரொட்டித் தொழிற்சாலையில் காலை இடைவேளையின்போது செல்வியிடமிருந்து குரல் செய்தி வந்தது. மில்லுக்குள் ஃபிட்டர்களுக்கு மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. "அண்ணே, அடுத்த பரிச்சைக்கு மெஷினக் கெடுத்து வைக்கற வேலைய என்கிட்டக் குடுத்திருக்காரு மாஸ்டர். என்ன கோளாறு வைக்கலாம், செத்த யோசிச்சுச் சொல்லுங்க." அவள் குரலுக்குப் பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டாம் முறை கேட்டபோது அவள் பேச்சைக் கேட்கவில்லை, பின்னால் இருந்த சத்தத்தைக் கேட்டேன். ஏதோ ஒரு பேரிங் கிரீஸ் இல்லாமல் தேய்ந்துகொண்டிருந்தது. உடனே, "உனக்குப் பின்னால ஓடுற மெஷின்ல பேரிங் காஞ்சு கெடக்கும்மா, மாஸ்டர்ட்ட சொல்லு" என்று அனுப்பினேன்.

பதில் அப்போதே வந்தது. "ஏண்ணே, அங்க வரைக்குமா கேக்குது? நான் ஷிஃப்ட் ஏறுனதுமே கண்டுபிடிச்சுட்டேன். ராத்திரி மெஷின நிப்பாட்டச் சொல்லிட்டேன். நான்தான் மாத்தப் போறேன்."

சந்தோஷமாக இருந்தது. கூடவே யாரோ எதையோ என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்ட மாதிரியும் இருந்தது. பதினான்கு வருடம் என் கைபட்ட மில் அது, இனி நான் சொல்லித்தான் சரியாக வேண்டும் என்று இல்லை. மறுபடி ஒருமுறை அந்தச் செய்தியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, மாவு பிசையும் மெஷின் பக்கமிருந்து என் மேற்பார்வையாளர் வேகமாக வந்தார். "பேரிங் ஏதோ கத்துகிறது. உனக்குக் கேட்கிறதா?" என்றார்.

"கேட்கிறது" என்றேன். எந்த ஊர் மெஷினைச் சொன்னேன் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.