அப்பா பற்றவைத்த தகடு

பயணப் பெட்டியை எடை பார்க்க வாங்கிய கொக்கித் தராசில், சும்மா ஓர் ஆசைக்கு என் பழைய பிஎம்எக்ஸ் சைக்கிளைத் தொங்கவிட்டேன். அடேயப்பா, இவ்வளவு கனமா! எடையைக் குறைத்தால் இப்போதாவது இது துள்ளுமே என்று அப்போதுதான் தோன்றியது. கச்சிபௌலி வீட்டு பால்கனியில், சைக்கிளின் கழுத்தில் இருக்கும் தகட்டை அறுக்க கிரைண்டரை வைத்தேன். சுட்ட இரும்பின் வாசனை எழுந்தது. அது அப்பாவுடைய சட்டையின் வாசனை.

அப்பா ரயில்வே பட்டறையில் வேகன்களுக்கு வெல்டிங் செய்தவர். சைக்கிள் வாங்கிய மறுநாளே, உடைந்துவிடுமோ என்று பயந்து, கழுத்தில் தடித்த தகடு ஒன்றைப் பற்றவைத்துவிட்டார்.

"லேசா இருந்தாத்தாம்பா துள்ளும்."

"கனமா இருந்தாத்தான் தாங்கும்டா. வேகனைப் பாரு!"

லோத்குண்டா மைதானத்தில் மற்ற பையன்கள் சைக்கிளோடு எகிறிக் கல்லைத் தாண்டுவார்கள். என்னுடையது தரையை விடாது. "கைக்குடா, எதுக்குடா கூட்ஸ் வண்டியோட வர்றே?" என்று சேகர் சிரிப்பான். ஒவ்வொரு ஞாயிறும் அப்பா மட்டும் மரத்தடியில் நின்றுகொண்டு, "இந்தத் தடவை எழும்பும் பாரு" என்பார். அது எழும்புவதைப் பார்க்காமலே போய்விட்டார்.

கிரைண்டரை அணைத்தேன். தகட்டில் ஒரு கீறல்தான் விழுந்திருந்தது. ஓரத்தில் அவர் பற்றவைத்த கோடு, மீன் செதில்போல் வரிசை பிசகாமல் அப்படியே இருந்தது.

ஸ்டாண்டையும் பின் பிரேக்கையும் கழற்றுவேன், மெல்லிய டயர் மாட்டுவேன். தகடு இருக்கட்டும். இந்த ஞாயிறு அதே மைதானத்தில், அந்தத் தகட்டோடு கல்லைத் தாண்டிப் பார்க்கப்போகிறேன்.