வாத்தியார் தலையாட்டவில்லை

என் கடைசி மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தலை நரைத்த பிறகும் பாப்பாதான். சின்ன வயதிலேயே கேள்வி கேட்டுக் கழுத்தறுப்பாள். "சுவத்துக்கு அந்தப் பக்கம் என்னம்மா?" என்பாள். "பக்கத்து வீடு." "அதுக்கும் அந்தப் பக்கம்?" தெரு, ஊர், கடல், வானம் என்று சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் "போய் விளையாடுடி" என்று விரட்டிவிடுவேன். அந்தக் கேள்வியையே இயற்பியல் என்று படித்துப் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் வேலையாகவும் ஆக்கிக்கொண்டாள். நிரந்தர வேலை இல்லை. ஆராய்ச்சிக்கு யாராவது பணம் கொடுக்கிறவரைக்கும்தான் நாற்காலி. புருஷனைப் பறிகொடுத்த பிறகு, அவள், அவள் மகள், நான் எல்லோருடைய வயிறும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது.

ஓர் அறக்கட்டளை இருக்கிறது. உலகத்தை உரித்துக்கொண்டே போனால் அடியில் மெய்யாக இருப்பது எது என்று விஞ்ஞானியும் சமயம் கற்றவரும் சேர்ந்து ஆராய்ந்தால் பணம் கொடுப்பார்கள். தனியாகப் போனால் கிடையாது. கல்யாணப் பதிவு மாதிரி ஜோடியாகத்தான் போகவேண்டும். பாப்பாவுக்கு வாய்த்தவர் இறையியல் கல்லூரியில் பாடம் சொல்லும் வாத்தியார். எங்கள் முன்னறையில் இருவரும் போட்ட சண்டையில் என் காது புளித்துவிட்டது. ஆனால் சண்டை போட்ட நாளில்தான் பாப்பா வயிறாரச் சாப்பிடுவாள்.

நேர்காணலில் அந்த அறக்கட்டளைக்கு ஒரு வழக்கம். இவர் கருத்தை அவர் சொல்லவேண்டும், அவர் கருத்தை இவர் சொல்லவேண்டும். கருத்துக்குச் சொந்தக்காரர் கேட்டுவிட்டு "இதுதான்" என்று தலையாட்டினால் பணம். போன தடவை நேர்காணலுக்கே கூப்பிடாமல் விண்ணப்பத்திலேயே தள்ளிவிட்டார்கள். இந்த முறையும் இல்லையென்றால் பாப்பாவுக்கு அந்த மாதத்தோடு வேலை போச்சு.

முன்னறைக் கம்ப்யூட்டரில் நேர்காணல். மூச்சுக்காட்டக் கூடாது என்ற கட்டளையோடு நான் ஓரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதலில் வாத்தியார்.

"இவங்க சொல்றது, எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஒரு கணக்கு. யாரும் போடாத கணக்கு. அது நம்மளக் கண்டுக்கறதே இல்ல."

பாப்பா பட்டென்று தலையாட்டினாள். அடுத்து அவள் முறை.

"சார் சொல்றது, அடியில இருக்கறது ஒரு பொருள் இல்ல. எல்லாத்தையும் இருக்க வைக்கிற ஒண்ணு. நாம அதத் தேடறதுக்கு முன்னாடியே அது நம்மளத் தேடுது."

எனக்கே கண் கலங்கிவிட்டது. வாத்தியார் அசையவில்லை. திரையில் இருந்த அறக்கட்டளைத் தலைமை அம்மாள், "சார், இதுதானே உங்க கருத்து?" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாப்பா மேசைக்கடியில் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கிட்ட வந்துட்டாங்க," என்றார். "ஆனா இது இல்லைங்க."

நன்றி சொல்லித் திரையை அணைத்தார்கள்.

"வாத்தியாரே," என்றேன், "தலைய ஒரு தடவ ஆட்டினா கழுத்து சுளுக்கிக்குமா?"

"அதுல மட்டும் என்னால பொய் சொல்ல முடியாதும்மா."

"அப்ப மத்ததுல சொல்லுவீங்க?"

"சொல்லியிருக்கேன்."

"இன்னொண்ணு சேர்ந்தா குடியா முழுகிடும்? இப்பப் பாருங்க, எங்க குடி முழுகுது."

பாப்பா குறுக்கே வந்தாள். "சார், எங்க தப்பாச் சொன்னேன்?"

"தெரியலம்மா. தெரிஞ்சா அங்கேயே சொல்லியிருப்பேன்."

"தெரியாத ஒண்ணுக்கா என் பொண்ணு சோத்துல கைவச்சீங்க?"

"நீ சும்மா இரும்மா," என்றாள் பாப்பா. "அவர் செஞ்சது சரிதான். அதான் தாங்க முடியல."

சரியாவது மண்ணாவது. பணம் இல்லை என்று பதில் வந்தது. ஆய்வகச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்து படுத்தவள், சுவர்ப்பக்கம் திரும்பியே கிடக்கிறாள். தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. நானும் அவள் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருக்கிறோம்.

வாத்தியார் சாயங்காலமானால் வந்து கதவைத் தட்டுகிறார். நான் தாழ்ப்பாளை எடுப்பதில்லை.

"எங்க தப்புன்னு தெரிஞ்சுதா?" என்று உள்ளேயிருந்தே கேட்பேன்.

"இன்னும் இல்லம்மா."

"தெரிஞ்சப்புறம் வாங்க."

அவர் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகும்வரைக்கும் பாப்பா தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருப்பாள். "என்னம்மா சொன்னார்?" என்பாள்.

"ஒண்ணும் சொல்லல."

மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.